திருகாணியில் நின்ற விளிம்பு

அண்ணன் நம்மை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி அண்ணன் மகள் கேட்டாள். மற்றவர்கள் எழுதியவற்றையும் வாங்கிப் படித்தேன். ஒன்பது பேர் எழுதியிருக்கிறார்கள். அதில் ஆறு பேர் அந்தப் பம்ப் கூட்டின் கதையைச் சொல்லியிருக்கிறார்கள். ஆறு பேரும் தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே என் கட்டுரை ஒரு பக்கத்தில் அடங்காது.

அண்ணன் பொன்னேரியில் பிறந்தார். எங்கள் நைனா அங்கே அரிசி ஆலையில் பாய்லர் பார்த்தவர். அண்ணனுக்கு ஒன்றே முக்கால் வயது இளையவன் நான். சட்டை, சைக்கிள், பாடப்புத்தகம் எல்லாம் அவர் கழித்த பிறகே எனக்கு வந்தன. மதிப்பெண் மட்டும் எனக்குத்தான் கூடுதல். எஸ்.எஸ்.எல்.சி. கணக்கில் அவரைவிடப் பத்தொன்பது அதிகம் வாங்கினேன். நைனா அதைப் பார்த்துவிட்டு, "கணக்கு கிடக்குது. பெரியவன் மாதிரி நாலு பேர்கிட்ட பேசக் கத்துக்கோடா" என்றார்.

நைனா திடீரென்று போய்விட்டபோது அண்ணன் டிப்ளமா கடைசி ஆண்டில் இருந்தார். படிப்பை முடித்தார், இரண்டு தங்கைகளுக்கும் திருமணம் செய்தார், என்னைப் பட்டப்படிப்பு படிக்க வைத்தார். இவற்றில் குறை சொல்ல எதுவும் இல்லை. தேடிப் பார்த்திருக்கிறேன்.

அறுபதுகளின் கடைசியில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் இரும்பு வார்க்கும் ஒரு பவுண்டரியில் அவருக்கு வேலை கிடைத்தது. பிறகு என்னையும் அங்கேயே சேர்த்துவிட்டார். புதிய வார்ப்புகளை உருவாக்கும் பிரிவு அவருக்கு. எந்த வேலை எப்போது முடியும் என்று அட்டவணை போடும் பிரிவு எனக்கு. காலை ரயிலில் அவருக்கு இடம் பிடித்து வைக்க எப்போதும் யாராவது இருப்பார்கள். அவர் என்னைப் பார்த்து, "டேய், நீ குந்து" என்று எழுந்துகொள்வார். உட்கார்ந்தவனை யாரும் பார்க்கவில்லை. எழுந்து நின்றவரைத்தான் பார்த்தார்கள்.

இனி அந்தக் கதை. அம்பத்தூர்ப் பக்கம் பம்ப் செய்யும் ஒரு கம்பெனி, புதிய பம்ப் ஒன்றின் இரும்புக் கூட்டுக்கு வரைபடம் கொடுத்தது. ஒரு மாதத்தில் முதல் வார்ப்பு வேண்டும், முடியாவிட்டால் கோயமுத்தூரில் கொடுத்துவிடுவோம் என்றார்கள். படம் வந்த நாளிலிருந்து முதல் வார்ப்பு தேறும்வரை ஆகும் காலத்தை லீட் டைம் என்போம். நான் போட்ட அட்டவணையில் அது எட்டு வாரம். மேனேஜர் அதைப் படித்துவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினார்.

"இன்னாப்பா, ஆவுமா?"

"ஆய்டும் சார்" என்றார் அண்ணன். அட்டவணையை அவர் பார்க்கக்கூட இல்லை.

கூட்டின் வாயில் குழாய் பொருந்தும் வட்ட விளிம்பைப் பற்றி மட்டும் கம்பெனிக்காரர்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார்கள். முடிவான படம் வராமல், மணலில் பதிக்கும் மர அச்சு செய்யும் பிரிவில் உளி எடுக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அண்ணன் காத்திருக்கவில்லை. உட்குழிவுக்கான கோர் பெட்டியை முதலில் தொடங்கச் சொன்னார். அது நடக்கும்போதே வெளி அச்சும் பக்கத்து மேசையில் ஏறியது. வரிசையில் நின்ற வேலைகளை அவர் அருகருகே நிறுத்தினார். எட்டு வாரத்தைப் பாதியாக்கியது இந்த யோசனைதான். இது அவருடையது. நான் மறுக்கவில்லை.

ஆனால் விளிம்பு மாறினால் அச்சு பாழ். அவசரத்தில் பாதி செய்த அச்சைத் திரும்பச் செய்ய, மிச்சப்படுத்திய நாளெல்லாம் போய்விடும். அந்தக் கம்பெனியிலிருந்து அதுவரை வந்த பதினோரு படங்களில் ஏழில் விளிம்பு பிறகு மாறியிருந்தது. இதை எண்ணி வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். அச்சு செய்யும் ஏகாம்பரத்திடம் போனேன்.

"விளிம்ப வஜ்ஜிரம் போட்டு ஒட்டாத. திருகாணில நிக்கட்டும்" என்றேன்.

"இன்னா சார் பேஜாரு. உங்கண்ணன் ஒட்டச் சொல்லிக்கினு இப்பதான் போறாரு."

"அது மாறும்."

"சாமி வந்து சொல்லிச்சா?"

"பதினொண்ணுல ஏழு மாறியிருக்கு."

"அப்ப நாலு மாறலியே" என்று சிரித்தார். ஆனாலும் திருகாணி போட்டார்.

மூன்றாவது வாரம் தகவல் வந்தது. விளிம்பு அரை அங்குலம் அகலமாக வேண்டும். மேனேஜர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அண்ணன் அச்சுப் பிரிவுக்கு ஓடினார். நானும் பின்னால் போனேன். ஏகாம்பரம் திருகாணிகளைக் கழற்றி, பழைய விளிம்பை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தார்.

"நான் இல்ல சார். அதோ நிக்கிறாரே, அவரு வேலை."

அண்ணன் திரும்பிப் பார்த்தார். "இன்னாடா, எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"நீ கேக்கலியேணா."

புது விளிம்பு இரண்டு நாளில் ஏறியது. வார்ப்பு சொன்ன கெடுவுக்குள் போய்த் தேறியது. ஆர்டரும் வந்தது.

அந்த ஆண்டு ஆயுத பூஜையன்று அண்ணன் கையில் ஒரு கடிகாரம் கட்டினார்கள். அவர் உடனே, "இதுல பாதி என் தம்பிது. திருகாணி போடச் சொன்னது அவன்தான்" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு மேனேஜர் என் தோளைத் தட்டி, "இந்த மாதிரி அண்ணன் யாருக்குக் கிடைப்பாரு?" என்றார்.

அதன் பிறகு அண்ணன் இந்தக் கதையைச் சொல்லாத கல்யாணம் இல்லை. ஏகாம்பரத்தின் குரல், மேனேஜர் தலையில் கைவைத்த விதம் எல்லாம் அப்படியே செய்து காட்டுவார். என் பெயரை ஒரு தடவையும் விடமாட்டார். கதை முடிந்ததும் எல்லாரும் அவரையே பார்ப்பார்கள். நானும் ஒருமுறை என் சம்பந்தி வீட்டாரிடம் சொல்லிப் பார்த்தேன். பதினொன்றில் ஏழு என்று வருவதற்குள் சம்பந்தி இலை போடச் சொல்லிவிட்டார்.

இந்த மலரில் எழுதிய ஆறு பேரில் நான்கு பேர் திருகாணி அண்ணனின் யோசனை என்கிறார்கள். மற்ற இரண்டு பேர், தான் செய்ததைத் தம்பி பெயரில் சொல்லும் பெருந்தன்மை அவருக்கு என்று எழுதியிருக்கிறார்கள். அந்த இரண்டைப் படித்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கடைசி நாட்களில் அண்ணன் மருத்துவமனையில் இருந்தபோது மூச்சு வாங்கிக்கொண்டே நர்சிடம், "இவன்தாம்மா அந்தத் திருகாணி" என்று என்னைக் காட்டினார். முழுக் கதையையும் சொல்ல மூச்சு இல்லை. நான் சொல்லத் தொடங்கினேன். அண்ணன் கையை அசைத்து, "நீ சொல்லாத, கெடுத்துடுவ" என்றார். அந்தப் பெண் சிரித்துவிட்டு, "நல்ல அண்ணன் சார் உங்களுக்கு" என்றாள். ஆமாம் என்றேன்.

அண்ணனை இரவும் பகலும் கவனித்துக்கொண்ட அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும், அந்த நர்சுக்கும், தோள் கொடுத்த பொன்னேரி அன்பர்களுக்கும், வீட்டுக்கு வந்து ஆறுதல் சொன்ன இருநூற்று நாற்பது பேருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எனக்கு அத்தனை பேர் வரமாட்டார்கள்.

விளிம்பை ஒட்ட வேண்டாம் என்று சொன்னது நான்தான். ஏகாம்பரம் இப்போது உயிரோடு இல்லை, மேனேஜரும் இல்லை. இதை நேரில் அறிந்தவர்களில் கடைசியாக இருந்தவர் அண்ணன். இனி இதைச் சொல்ல நான் மட்டும்தான் இருக்கிறேன். அவர் சொன்னபோதாவது பாதிப் பேர் நம்பினார்கள்.