பாதி உருண்டையும் ஐந்து குழிகளும்

மனைவிக்கு மூட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால், திருவாதிரைக்கு உத்தரகோசமங்கை போகிற பாதையில் பாதி உருண்டையாக ஒரு பந்தல் போட்டு, அடியார்களுக்குச் சுக்குக் காப்பி கொடுப்பதாக நேர்ந்துகொண்டேன். ஈசன் அருளால் அவள் நடந்துவிட்டாள். இனி நான் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும்.

நான் கிரில் பட்டறைக்காரன். மதுரையில் இன்ஜினியரிங் படிக்கும் மகள், முக்கோணம் முக்கோணமாகக் குழாயைக் கோத்து உருண்டை செய்யலாம் என்று, பழைய லேப்டாப்பில் ஒரு சாப்ட்வேரைக் காட்டினாள். பெரிய முக்கோணத்தின் பக்கத்தை எத்தனை துண்டாகப் பிரிப்பது என்ற எண்ணைப் போட்டால் உருண்டை வரும். இன்னொன்றை அழுத்தினால் அது பாதியாகும். குழாய் அளவெல்லாம் பட்டியலாக வரும். "ரெண்டு போட்டு, பாதியாக்குங்க" என்று சீட்டில் எழுதிவைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டாள்.

இரண்டு போட எனக்குக் கை வரவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு மாடிக்குக்கூட நான் இரட்டைப்படையில் படி வைத்ததில்லை. சாமி காரியத்துக்கு வைப்பேனா? முக்கண்ணனை நினைத்து மூன்று போட்டேன். உருண்டை பலாப்பழம் மாதிரி லட்சணமாக வந்தது. பாதியாக்கச் சொன்னதும் இங்கிலீஷில் ஏதோ கேட்டது. கேட்டவருக்கு இல்லையென்று சொல்லிப் பழக்கமில்லை. 'யெஸ்' அழுத்திவிட்டேன்.

திருவாதிரைக்கு முதல் நாள் கோத்து நிறுத்தினால், கீழ்ச்சுற்றில் இருந்த பதினைந்து முனையில் ஐந்துதான் தரையைத் தொட்டன. மற்ற பத்தும் இரண்டு விரற்கடை அந்தரத்தில் நின்றன.

ஊருக்கு வந்த மகள் சோறுகூடத் தின்னாமல் பந்தலடிக்கே வந்து, "எங்கயோ நாந்தான் தப்புப் பண்ணிட்டேன்" என்று லேப்டாப்பைக் குடைந்தாள்.

"ஏங்க, நீங்க எச்சில் முழுங்குற சத்தம் இங்கன வரைக்கும் கேக்குது" என்றாள் மனைவி.

மூன்று போட்டதைச் சொல்லிவிட்டேன்.

"இதென்ன மாடிப்படியா அய்யா?" என்றாள் மகள். "ரெண்டுன்னா உருண்டையோட இடுப்புல ஒரு வளையம் முழுசா ஓடும். அதோட பிரிச்சாச் சமமா உக்காரும். மூணுக்கு அந்த வளையமே கிடையாது. 'நடுவுல கோடு இல்ல, முக்கோணத்த வெட்டாம முழுசா விட்டுரவா'ன்னு கேட்டிருக்குமே."

"கேட்டுச்சு."

"என்ன சொன்னீங்க?"

"யெஸ்ஸுன்னேன்."

இரண்டுக்கு நீளக் குழாய் வேண்டும். நான் அறுத்ததெல்லாம் குட்டை. அறுத்த குழாய் வளருமா? என் அதிகப்பிரசங்கித்தனத்தால் நேர்ச்சை கெட்டதே என்றேன்.

பிளாஸ்டிக் சேரில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த மனைவி, "தரையைத் தொடுற அஞ்சுக்கும் கீழ ரெண்டு விரற்கடை மண்ணைத் தோண்டுங்க. மத்தது தன்னால உக்காரும்" என்றாள். "சாமிக்குப் பாதின்னு நேர்ந்தீங்க. பாதிக்கு மேல கொஞ்சம் கூடத்தான் குடுத்திருக்கீங்க, கோவிச்சுக்காது."

நமசிவாய என்று குழிக்கு ஓர் எழுத்தாகச் சொல்லித் தோண்டினேன். பதினைந்து முனையும் மண்ணில் அமர்ந்தன.

"அஞ்சும் ஒத்தைப்படைதான் அய்யா, சந்தோசமா?" என்றாள் மகள்.

அது முதல் குழியிலேயே எனக்குத் தெரியும்.