ஆவிஸ் துரையின் ஆட்சி

கலியமூர்த்திக்கு வகுப்பறைக்குள் போனால் தலைவலி வந்துவிடும். பயிற்சி முகாம் என்றால் மட்டும் அந்தத் தலைவலி எட்டிக்கூடப் பார்க்காது. புதுச்சேரியில் நெல்லித்தோப்புப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அவர் சமூக அறிவியல் ஆசிரியர். அரியாங்குப்பத்தில் நெல்லும் மணிலாக் கடலையும் போட்ட குடும்பத்தில் முதல் பட்டதாரி. படித்து முடித்து வேலைக்கு வந்ததோடு படிப்பு தன் கடமையை முடித்துவிட்டது என்று நினைத்தவர். அதன் பிறகு அவர் ஒரு புத்தகத்தைத் தானாகத் திறந்ததைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை, அவர் மனைவி பார்வதி உட்பட.

ஆனால் பயிற்சி என்று சுற்றறிக்கை வந்தால் முதல் பெயர் அவருடையதுதான். மக்கள்தொகைக் கல்வி, யோகா, மழைநீர் சேகரிப்பு, ஆடல் பாடலோடு கற்பித்தல் என்று எதையும் விட்டதில்லை. போகப் போகக் கீழே உட்கார்ந்து கேட்பதிலிருந்து மேலே நின்று பேசுவதற்கு உயர்ந்தார். 'மாஸ்டர் டிரெய்னர்' என்று அதற்குப் பெயர். அதற்கு வேண்டிய தகுதிகள் அவரிடம் நிறைய இருந்தன. நல்ல குரல். மைக்கை வாய்க்கு எவ்வளவு தூரத்தில் பிடிப்பது என்ற ஞானம். பசி நேரத்துக்குச் சற்று முன்பாகவே முடித்துவிடும் பெருந்தன்மை. பாடம் தெரிந்திருக்க வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால்தான் ஆச்சரியம்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு புதிதாக ஒரு பயிற்சி வந்தது. பிரெஞ்சுக்காரர் காலத்துக் காகிதங்களை ஓர் அறக்கட்டளை ஸ்கேன் செய்து சி.டி.யில் போட்டிருந்தது. அரசு ஆணைகள், தெருவில் ஒட்டிய அறிவிப்புகள், வரைபடங்கள், புகைப்படங்கள். பாடநூல் சொல்வதை ஒப்பிக்காமல், மாணவர்களே மூல ஆவணத்தைப் பார்த்து வரலாற்றைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஆசிரியர்களைப் பழக்க வேண்டும் என்பது திட்டம். நல்ல திட்டம்தான். அதைக் கலியமூர்த்தி கையில் கொடுத்ததுதான் கோளாறு.

மாஸ்டர் டிரெய்னர்களுக்குக் கடற்கரைச் சாலையில் ஓர் ஓட்டலில் ஒருநாள் வகுப்பு நடந்தது. வெளியூரிலிருந்து வந்த பேராசிரியை ஒருவர் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார். விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். இதை எழுதியது யார், எப்போது எழுதினார்கள், யாருக்காக, எதற்காக என்று பிள்ளைகளைக் கேளுங்கள். கலியமூர்த்தி இந்த நான்கு கேள்விகளையும் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டார். பிறகு சி.டி.யில் இரண்டு ஃபோல்டர்கள் இருப்பதையும், ஒன்றில் ஆவணங்களின் படங்களும் இன்னொன்றில் அவற்றின் தமிழ் மொழிபெயர்ப்பும் இருப்பதையும் அந்த அம்மாள் விளக்கினார். அந்த நேரத்தில் நம்மவர் வராந்தாவில் செல்போனில் பேசிக்கொண்டிருந்தார்.

அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு சி.டி. மற்ற பள்ளிகளுக்குப் பிரதி எடுத்துக் கொடுக்கும் பொறுப்பும் அவருடையது. பள்ளிக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து படங்கள் இருந்த ஃபோல்டரை மட்டும் பிரதி எடுத்தார். இன்னொன்றைத் திறக்கவில்லை. வெறும் எழுத்தாக இருப்பதை யார் படிக்கப் போகிறார்கள் என்பது அவர் கணக்கு. தன்னை வைத்துத்தானே மனிதன் ஊரை எடை போடுவான்.

ஜூலையில் நகரத்துச் சமூக அறிவியல் ஆசிரியர்கள் எல்லாரையும் ஒரு பள்ளியின் பெரிய கூடத்தில் உட்காரவைத்துப் பயிற்சி நடந்தது. திரையில் பழுப்பேறிய ஒரு காகிதம் தெரிந்தது. மேலே பெரிய எழுத்தில் AVIS. கீழே பொடி எழுத்தில் சில வரிகள். அடியில் 1871 என்று ஆண்டு. கலியமூர்த்தி லேசர் விளக்கால் அதைச் சுட்டி, மூக்கால் பிரெஞ்சு மாதிரி ஏதோ வாசித்தார். எழுதியது யார் என்று கேட்டார். யாரும் வாய் திறக்கும் முன் அவரே விடை சொன்னார். ஆவிஸ் துரை. பெயர்தான் மேலேயே பெரிதாகப் போட்டிருக்கிறதே.

எதற்காக எழுதினார் என்பது அடுத்த கேள்வி. அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. ஏனென்றால் அந்தப் பொடி எழுத்துகளுக்கு நடுவே அவருக்குத் தெரிந்த ஒரே ஒரு சொல் கண்ணில் பட்டது. லிபர்த்தே. பிரெஞ்சுப் புரட்சிப் பாடம் நடத்துகிற எந்த வாத்தியாருக்கும் அது தெரியும். சுதந்திரம். ஆக, ஆவிஸ் துரை புதுச்சேரி மக்களுக்கு விடுதலை வழங்கிப் பிரகடனம் செய்திருக்கிறார். சொல்லும்போதே அவருக்குக் குரல் தழுதழுத்தது. எல்லாரும் கை தட்டினார்கள்.

கூட்டத்தில் பிரெஞ்சு தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர் இருக்கத்தான் செய்தார்கள். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எழுந்து சொன்னால் பேச்சு வளரும், சாப்பாடு ஆறும். அவர்களும் கை தட்டினார்கள். பிறகு எல்லாருக்கும் ரெக்ஸின் பையும் சான்றிதழும் கொடுத்து, குழுவாக நிற்கவைத்துப் புகைப்படம் எடுத்து அனுப்பினார்கள். பெரும்பாலானவர்கள் சி.டி.யை அந்தப் பையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை. பாடம் மட்டும் நடந்தது. ஆவிஸ் துரை விடுதலை கொடுத்தார் என்று ஊரெல்லாம் கரும்பலகையில் எழுதிப் போட்டார்கள்.

சி.டி.யை உண்மையிலேயே போட்டுப் பார்த்தது கமலவேணி. கடலோரத்துப் பிள்ளைச்சாவடியில் குடியிருந்து, அங்கேயே ஒரு பள்ளியில் பாடம் எடுத்துவந்தவர். அதிகம் பேசாதவர். அவர் பள்ளியில் கம்ப்யூட்டர் அறைக்கு எப்போதும் பூட்டுத்தான். அதனால் பிரவுசிங் சென்டருக்குப் போய், அந்த அறிவிப்பையும் அதேபோன்ற இன்னும் இரண்டையும் அச்செடுத்து வந்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்தார். பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனால் எண்கள் தெரியும். ஒரு காகிதத்தில் 1871, ஒன்றில் 1903, ஒன்றில் 1936. மூன்றின் தலையிலும் ஆவிஸ். அப்படியென்றால் அந்தத் துரை சாகவே இல்லையா என்று ஒரு பெண் எழுந்து கேட்டாள். வகுப்பே சிரித்தது. கமலவேணிக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகஸ்டில் நடந்த மறு ஆய்வுக் கூட்டத்தில் அவர் இதைக் கேட்டார். வேறு யாராக இருந்தாலும் ஒரு நொடி தடுமாறியிருப்பார்கள். கலியமூர்த்தி தடுமாறவில்லை.

"அப்பா, மகன், பேரன் மேடம். மூணு தலைமுறையா ஆண்ட குடும்பம். நம்ம ஊர்ல இல்லாததா?" என்றார்.

இப்படியாக ஒரு துரை, வம்சமாகப் பெருகினார். கூட்டக் குறிப்பிலும் அது ஏறியது.

கமலவேணி அந்த வம்சத்தை நம்பவில்லை. அவரோடு பி.எட். படித்த லூர்துசெல்வி இன்னொரு பள்ளியில் பிரெஞ்சு ஆசிரியை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து வெளியே வந்தவரை மடக்கி, மூன்று காகிதங்களையும் காட்டினார். லூர்துசெல்வி முதல் காகிதத்தைப் படித்தார். துரை யார் என்று விவரம் கேட்டார். கேட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அதன் பிறகுதான் வரிவரியாக அர்த்தம் சொன்னார். மறுநாள் கமலவேணி அதை அப்படியே வகுப்பில் சொன்னார்.

செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு. எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவான வினாத்தாள். வினாத்தாள் குழுவில் கலியமூர்த்தியும் இருந்தார், இல்லாமல் எப்படி? 'ஆவிஸ் துரை வெளியிட்ட விடுதலைப் பிரகடனம் பற்றி எழுதுக' என்று ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்று வந்தது. ஊரெல்லாம் பிள்ளைகள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். துரை குதிரையில் வந்தார் என்று எழுதிய பிள்ளைகூட உண்டு. பிள்ளைச்சாவடிப் பிள்ளைகள் மட்டும், அப்படி ஒரு துரையே கிடையாது, அது நாய்களைப் பற்றிய அறிவிப்பு என்று எழுதினார்கள். விடைத்தாள்களைப் பள்ளி மாற்றித் திருத்துவது வழக்கம். அந்தக் கட்டு நெல்லித்தோப்புக்குப் போனது. கலியமூர்த்தி அத்தனை பேருக்கும் சிவப்பு மையில் பூஜ்யம் போட்டு, ஒரு தாளின் ஓரத்தில் 'கவனக்குறைவு' என்றும் எழுதினார்.

கமலவேணி லூர்துசெல்வியைக் கூட்டிக்கொண்டு கல்வி அதிகாரியிடம் போனார். அதிகாரி கலியமூர்த்தியையும் வரச் சொன்னார். மேசைமேல் அந்தக் காகிதம் கிடந்தது.

"இது ஆள் பேரே இல்ல சார். அவின்னு படிக்கணும். அறிவிப்புன்னு அர்த்தம்," என்றார் லூர்துசெல்வி. "எந்த நோட்டீஸ் ஒட்டினாலும் தலையில அதைத்தான் போடுவாங்க."

"அப்ப இந்த லிபர்த்தே?" என்று கேட்டார் கலியமூர்த்தி.

"தெருவுல கட்டாம திரியற நாயைப் புடிச்சுக் கொன்னுடுவோம்னு போட்டிருக்கு சார். கட்டாம திரியறதுக்குத்தான் அந்த வார்த்தை."

அதிகாரி கலியமூர்த்தியைப் பார்த்தார். தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். அந்த வார்த்தை அவருக்குப் பழக்கமில்லை.

"அவங்க சொல்றது மொழி சார். நான் சொல்றது வரலாறு. ரெண்டும் வேற."

கமலவேணி ஓர் அடி முன்னால் வந்தார். "நாய் புடிச்சதுக்கு வரலாறு இருக்கக் கூடாதா சார்?" என்று கேட்டார். "எங்க பசங்க ஒரு வாரமா அதைத்தான் பேசினாங்க. நாயை யாரு புடிச்சிருப்பா, வெறிநாய் கடிச்சா அப்ப ஊசி உண்டா, வெள்ளைக்காரன் வூட்டு நாயையும் புடிச்சாங்களான்னு. நீங்க கேக்கச் சொன்ன நாலு கேள்வியும் அவங்களே கேட்டாங்க. அதுக்குப் பூஜ்யம் போட்டிருக்கீங்க."

கலியமூர்த்தி மேசைமேல் கிடந்த காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார்.

அதிகாரி கெட்டிக்காரர். எது சரி என்பது அவருக்குக் கவலை இல்லை. பத்திரிகைக்காரர்களுக்குத் தெரியுமா என்பதுதான் கவலை. தெரியாது என்று உறுதி செய்துகொண்டபின் தீர்ப்பு சொன்னார். அந்தக் கேள்வியைத் தொட்ட எல்லாருக்கும் முழு மதிப்பெண். துரையைக் குதிரையில் ஏற்றியவருக்கும் ஐந்து, நாயைக் கண்டுபிடித்தவருக்கும் ஐந்து. குழப்பத்துக்கெல்லாம் காரணம் சி.டி.தான் என்றும் முடிவாயிற்று. பள்ளிகளிலிருந்து அவற்றைத் திரும்ப வாங்கி ஒரு பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். தவறு செய்தவர் வெளியே நடமாட, காகிதங்களுக்குச் சிறை.

அன்று மாலை கலியமூர்த்தி வீட்டுக்குப் போய், மகள் சரிதாவின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். மூல சி.டி. இன்னும் அவரிடம்தான் இருந்தது. இரண்டாவது ஃபோல்டரை முதன்முதலாகத் திறந்தார். முதல் வரியே 'அறிவிப்பு' என்று தொடங்கியது. நாய்களைப் பற்றிய செய்தி முழுதும் நல்ல தமிழில் இருந்தது. இத்தனை மாதமும் அங்கேயே இருந்திருக்கிறது. அவருக்கு வெட்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. இப்படி ஒன்று இருப்பதை யாராவது எடுத்துச் சொல்லியிருக்க வேண்டாமா என்று பார்வதியிடம் கத்தினார்.

கத்தியபடியே அடுத்ததைத் திறந்தார். அதற்கடுத்ததையும். ஒன்றில் அரியாங்குப்பத்து ஆற்றைக் கடக்கும் படகுகளில் எத்தனை பேரை ஏற்றலாம் என்று விதி போட்டிருந்தார்கள். படகோட்டிகளின் பெயர்கூட இருந்தது. அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர்களில் ஒருவர் தன் பாட்டன் தெருக்காரராக இருக்குமோ என்று யோசித்தார். பார்வதியைக் கூப்பிட்டு, "இங்க வந்து பாரேன், நம்ம ஊரைப் போட்டிருக்கான்," என்றார். வயது ஐம்பத்திரண்டு. வரலாறு நடத்திச் சம்பளம் வாங்கியது கால் நூற்றாண்டு. அந்த மனிதர் ஒரு மூல ஆவணத்தைப் படித்தது அந்த அரைமணி நேரம்தான். தோசை ஆறுகிறது என்று பார்வதி சொன்னதும் கம்ப்யூட்டரை நிறுத்தினார். மறுபடி அந்தப் பக்கம் போகவில்லை.

பள்ளியில் பிள்ளைகள் அவருக்கு ஆவிஸ் துரை என்று பெயர் வைத்தார்கள். அது அவர் காதிலும் விழுந்தது. கொஞ்ச நாள் வராந்தாவில் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். பிறகு அதுவும் பழகிவிட்டது.

அடுத்த ஆண்டு பேரிடர் மேலாண்மைப் பயிற்சி வந்தது. யார் மாஸ்டர் டிரெய்னர் என்று சொல்லத் தேவையில்லை. திரையில் இணையத்திலிருந்து எடுத்த அலைப் படம் ஒன்றைப் போட்டுவிட்டு, சுனாமி எப்படி வரும் என்பதை ஆசிரியர்கள் குழுவாக நடித்துக் காட்ட வேண்டும் என்றார் கலியமூர்த்தி. பாதிப் பேர் அலை, பாதிப் பேர் மக்கள். எல்லாரும் சிரித்துக்கொண்டே எழுந்தார்கள். வளர்ந்த மனிதர்கள் கைகளைத் தூக்கி உஸ்ஸென்று இரைந்தபடி முன்னால் ஓடினார்கள். மூன்றாவது வரிசையில் கமலவேணி மட்டும் உட்கார்ந்தே இருந்தார்.

ஏன் கலந்துகொள்ளவில்லை என்று கலியமூர்த்தி மைக்கிலேயே கேட்டார்.

"அன்னிக்கு நான் கரையிலதான் சார் இருந்தேன். எனக்கு நடிக்க வராது," என்றார் கமலவேணி.

அலைகள் நின்ற இடத்திலேயே நின்றன. தூக்கிய கைகளை எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. கலியமூர்த்தி மைக்கை வாயிலிருந்து கீழே இறக்கினார். அவரை அப்படி யாரும் பார்த்ததில்லை. கடைசியில் அதைக் கமலவேணி பக்கம் நீட்டி, "அப்ப நீங்களே சொல்லுங்க மேடம்," என்றார்.

கமலவேணி முன்னால் வந்து சொல்லத் தொடங்கினார். சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை, மீன் கூடைகள், கடல் உள்வாங்கியதை வேடிக்கை பார்க்கப் போன பிள்ளைகள் யார் யார் என்று. கலியமூர்த்தி கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் அசையாமல் கேட்டார். பிறகு, சாப்பாட்டு வண்டி வந்துவிட்டதா என்று பார்க்க எழுந்து வெளியே போனார்.