பச்சை டீ-ஷர்ட்டை நம்பி

பரீட்சை முடிந்து லீவு விட்ட அன்றைக்கு அக்கா மகளும் மகனும் செய்த முதல் வேலை, அட்டைப்பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டதுதான். அக்காவும் மாமாவும் திருப்பூரில் வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு சின்ன யூனிட் நடத்துகிறார்கள். வெளியே தைத்து வரும் ஆடைகளில் குறை பார்த்து, மடித்து, கவரில் போட்டு, பெட்டி கட்டி அனுப்ப வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் ஞாயிற்றுக்கிழமைகூட லீவு கிடையாது. ஆக, எட்டு வயதுப் பெண்ணுக்கும் நான்கு வயதுப் பையனுக்கும் விடுமுறை என்பது அந்தப் பெட்டிகளுக்கு நடுவிலேயே கழிகிற இரண்டு மாதம். பெட்டியைக் கப்பல் என்றார்கள். லாரி என்றார்கள். அப்புறம் ஜெயில் என்றார்கள். இருவரும் மூடியை இழுத்து மூடிக்கொண்டு, தப்பிக்கிற வழி பற்றி உள்ளே கிசுகிசுத்துக்கொண்டிருந்ததைக் கேட்ட பிறகு எனக்குப் பொறுக்கவில்லை.

எனக்கு இருபத்து நான்கு வயது. எம்.பி.ஏ. முடித்துவிட்டு ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வெளிநாட்டுக்காரர் கேட்ட துணி, கேட்ட நிறத்தில், கேட்ட தேதிக்குக் கப்பல் ஏறும்வரை எல்லாரையும் போனில் விரட்டிக்கொண்டே இருக்கும் வேலை. விரட்ட ஆளில்லாத நேரத்தில் திட்டம் போடுவேன். அன்றைக்கும் போட்டேன். ஐந்து ஞாயிற்றுக்கிழமை, ஐந்து ஊர். முதலில் திருமூர்த்தி மலை, அடுத்து அமராவதி அணைக்குப் பக்கத்து முதலைப் பண்ணை என்று வரிசையாக. பஸ் நேரம், சாப்பாடு, மாற்றுத்துணி எல்லாவற்றையும் எக்செல்லில் கட்டம் கட்டி, பிரிண்ட் எடுத்துக்கொண்டு அக்கா முன்னால் போய் நின்றேன்.

அக்கா ஒரு டீ-ஷர்ட்டை ட்யூப்லைட் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் காகிதத்தையும் அதே மாதிரி விரித்துப் பார்த்தாள்.

“பஸ்ல ஏறுனா போனைப் பாத்துட்டே எறங்கற ஸ்டாப்ப உட்டுருவ. உங்கூட ரெண்டை அனுப்பறதா?”

“அது ஒருக்காத்தான் அக்கா.”

“மூணு தடவ.”

பெட்டிக்குள்ளிருந்து இரண்டு தலைகள் மெதுவாக எழும்பின. ஒன்று ரெட்டைச்சடை, இன்னொன்று மொட்டை. பையனுக்கு முந்தின வாரம்தான் பழனியில் முடி இறக்கியிருந்தார்கள். இரண்டும் அக்காவையே பார்த்தன. நான் எக்செல்லை நம்பினேன், அவர்கள் கண்ணை நம்பினார்கள். கண்தான் ஜெயித்தது.

“சரி. ஒரே ஒரு ஞாயித்துக்கெழம. அதைப் பாத்துட்டுத்தான் மத்த நாலும்,” என்றாள் அக்கா. “எதாவது ஒண்ணு கோளாறாச்சு, லீவு முடியற வரைக்கும் எங்கயும் கெடையாது. ரெண்டு பேருக்கும் கேட்டுச்சா?”

“கேட்டுச்சு,” என்றன பெட்டிகள்.

அந்த ஒரு நாளுக்காக நான் செய்த ஏற்பாட்டைச் சொல்லியாக வேண்டும். எங்கள் கம்பெனியில் குழந்தைகள் டீ-ஷர்ட் ஆர்டர் ஒன்று ரத்தாகியிருந்தது. நிறம் பிசகிவிட்டது என்று திருப்பிவிட்டார்கள். அது கிளிப்பச்சையிலும் சேராது, எலுமிச்சை மஞ்சளிலும் சேராது. கண்ணை மூடினாலும் இமைக்குள் இரண்டு நிமிடம் நிற்கும். உலகத்திலேயே யாரும் போட மாட்டேனென்று சொல்லிவிட்ட நிறம் என்பதால், அதைத்தான் இவர்களுக்குப் போட வேண்டும் என்று முடிவு செய்தேன். எவ்வளவு கூட்டம் என்றாலும் மலை உச்சியிலிருந்து பார்த்தால்கூட நம் பிள்ளைகள் தெரிவார்கள் இல்லையா? என் மேஜை இழுப்பறையில் கிடந்த சாம்பிள் பீஸ் இரண்டை எடுத்துவந்து மாட்டிவிட்டேன். அக்கா இருவரையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, தொங்கிய நூல் ஒன்றைக் கத்தரித்து அனுப்பிவைத்தாள். அது அவள் சம்மதம்.

உடுமலை பஸ்ஸில் ஜன்னலோரம் பையன் நின்றுகொண்டே வந்தான். பல்லடம் தாண்டியதும் காற்றாலைகள் வர ஆரம்பித்தன. ஒன்றிரண்டு சோம்பலாகச் சுற்றின, மற்றவை சும்மா நின்றன.

“சித்தி, அந்த ஃபேனுக்கு ஏன் சுவிட்சு போடல?”

“அதுல இருந்துதான்டா கரண்டே வருது,” என்றாள் அவன் அக்கா.

“அப்ப அதுக்குக் கரண்டு?”

“காத்து.”

“காத்து வேணும்னாத்தான ஃபேன் போடுவாங்க?”

எம்.பி.ஏ. படித்த நான் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினேன். உடுமலையில் இறங்கி, டவுன் பஸ்ஸில் நெருக்கியடித்து ஏறி, தென்னந்தோப்புகளுக்கு நடுவே போகும்போதும் அவன் கேட்டுக்கொண்டேதான் வந்தான். தேங்காய்க்குள் தண்ணி ஊத்துனது யாரு, மலைக்கு மொட்டை போட்டது யாரு. பதில் சொல்லிச் சொல்லி என் தொண்டை காய்ந்தது. ஆனாலும் ஸ்டாப்பை விடவில்லை. சரியாக இறங்கினோம்.

திருமூர்த்தி மலையில் பாதி திருப்பூர் வந்திருந்தது. இறங்கியதுமே கூட்டத்துக்குள் ஒரு பச்சை ஓடியது. அதற்குள் ஓடிவிட்டானா என்று பதறிக் குனிந்தால், பையன் என் கையில்தான் இருந்தான். அதே டீ-ஷர்ட்டை வேறு யாரோ போட்டிருக்கிறார்கள். மிச்சச் சரக்கு எங்கேயாவது ஒன்றிரண்டு போகும்தானே என்று விட்டுவிட்டேன். கோயிலை ஒட்டிய ஓடையில் முழங்கால் தண்ணீர்தான். அதிலேயே ஒரு மணி நேரம் கிடந்தார்கள். எனக்கும் ஆசை தாங்கவில்லை, சுடிதாரோடு உட்கார்ந்துவிட்டேன். சின்ன மீன்கள் வந்து பாதத்தைக் கடித்தபோது மூன்று பேரில் அதிகம் கத்தியது நான்தான். டீ-ஷர்ட்டுகள் பாறையில் காய்ந்தன. திரும்ப மாட்டிவிட்டு, வெயிலுக்கு இதமாக இருக்கட்டும் என்று பையன் மொட்டையில் சந்தனம் தடவி, அருவிக்குப் போகும் ஏற்றத்தில் இருவரையும் ஆளுக்கொரு கையாகப் பிடித்துக்கொண்டு நடந்தேன். எக்செல்படி பத்து நிமிடம் முந்தியே போய்க்கொண்டிருந்தோம்.

பாதி வழியில் ஒரு குரங்கு முன்னால் போனவரின் முறுக்குப் பொட்டலத்தைப் பறித்தது. அவர் விடவில்லை, குரங்கும் விடவில்லை. முன்னால் இருந்தவர்கள் பின்னால் வர, பின்னால் இருந்தவர்கள் வேடிக்கை பார்க்க முன்னால் வர, கைகள் விட்டுப்போயின. அரை நிமிடம்தான். கூட்டம் கலைந்ததும் சந்தனம் தடவிய மொட்டையும் பச்சை டீ-ஷர்ட்டும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. கையைப் பிடித்துக்கொண்டேன்.

“வா வா, பயப்படாத. சித்தி இருக்கேன்ல?”

இந்தப் பக்கம் பெண்ணும் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். ஏறினோம். குரங்கு ஏன் பறிக்கிறது, காட்டில் அதற்கு என்ன சாப்பாடு, நாம் ஏன் எதையும் கொடுக்கக் கூடாது என்று விரிவாகச் சொல்லிக்கொண்டே நடந்தேன். பையன் ஒரு கேள்வி கேட்கவில்லை. என் விளக்கம் அவ்வளவு தெளிவாக இருக்கிறது போல என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஒரு வளைவில் நின்று, முன்னால் பார்த்தபடியே பிஸ்கட்டைக் கீழே நீட்டினேன்.

“தேங்க்ஸ்,” என்றது மொட்டை.

எங்கள் பையன் பிறந்ததிலிருந்து யாருக்கும் தேங்க்ஸ் சொன்னதில்லை.

“சித்தி,” என்றாள் பெண், “இவன் நம்ம தம்பி இல்ல.”

குனிந்து முகத்தைப் பார்த்தேன். முன்பல் இரண்டு இல்லாத, முன்பின் அறியாத ஒரு முகம் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது.

“உனக்கு எப்பத் தெரியும்?”

“குரங்கு ஓடுச்சுல்ல, அப்பவே.”

“ஏன் சொல்லல?”

“நீங்க பேசிட்டே இருந்தீங்க. பெரியவங்க பேசறப்ப நடுவுல பேசக் கூடாதுன்னு சொல்லிருக்கீங்க.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “இவன் கேள்வியே கேக்கல. நல்லா இருந்துச்சு,” என்றாள்.

“தம்பி எங்க?”

“ஒரு அக்கா இழுத்துட்டுக் கீழ போனாங்க. அவங்ககிட்டயும் நெறையப் பச்சை இருந்துச்சு.”

அந்நியப் பையனிடம் குனிந்தேன். “உங்கம்மா எங்க சாமி?”

“அந்தால. தண்ணிகிட்ட. நீங்கதான கையப் புடிச்சு இழுத்தீய,” என்றான் தென்பக்கத்துப் பேச்சில்.

மலையை எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. ஒரு கையில் யாரோ பெற்ற பிள்ளை. யாராவது நிறுத்தி, யார் பையன் இது என்று கேட்டுவிடக் கூடாதே என்றிருந்தது. எங்கள் பையன் எந்தக் கல்லில் நின்று அழுகிறானோ, ஓடைப்பக்கம் தனியாகப் போயிருப்பானோ என்று நினைக்க நினைக்க நடை ஓட்டமானது. உங்கூட ரெண்டை அனுப்பறதா என்று அக்கா கேட்டது ஒவ்வொரு படியிலும் காதில் விழுந்தது.

கீழே ஓடைக்கரை மரத்தடியில் தார்ப்பாய் விரித்து முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வேன் கூட்டம். பிள்ளைகள் வரிசையாக இலை போட்டுச் சாப்பிட்டார்கள். அத்தனை பேரும் அந்தப் பச்சை. யாரும் யாரையும் தேடவில்லை. முப்பது வயதிருக்கும் ஓர் அக்கா புளிச்சோறு பரிமாறிக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, இது உங்க பையனுங்களா?”

அவர் நிமிர்ந்து, கரண்டியோடு நின்றார். “ஏலே, நீ எப்பம்லே அங்கன போன?” வரிசையைத் திரும்பிப் பார்த்தார். “அப்பம் இது யாரு?”

கடைசி இலையில் எங்கள் பையன். இரண்டு கன்னமும் உப்பியிருந்தன. என்னைப் பார்த்ததும், “சித்தி, இங்க ரெண்டு அப்பளம் தர்றாங்க,” என்றான்.

“இப்பந்தான எண்ணுனேன், பதினொண்ணு சரியா இருந்துச்சே,” என்றார் அவர்.

பாயில் படுத்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்திருக்காமலே கேட்டார். “தலைய எண்ணுனியா, சட்டைய எண்ணுனியா?”

முப்பது பேரும் சிரித்தார்கள். என்னையும் கைபிடித்து உட்காரவைத்து இலை போட்டார்கள். அந்தப் பதற்றத்திலும் புளிச்சோறு இறங்கியது. மொட்டையன்கள் இருவரும் ஒருவர் தலையை ஒருவர் தடவிப் பார்த்தார்கள். அவனுக்கும் அன்று காலையில்தான் பழனியில் முடி இறக்கியிருக்கிறார்கள். பயம் விட்டபிறகுதான் எனக்கு அந்த டீ-ஷர்ட் விஷயம் கேட்கத் தோன்றியது.

“எல்லாத்துக்கும் ஒரே மாதிரி எங்கீங்க வாங்குனீங்க?”

“வாங்கலம்மா, நாங்க தச்சது. முதலிபாளையத்துல எங்க கம்பெனிக்கு வந்த ஆர்டரு. கலரு சரியில்லைன்னு வேண்டாமுன்னுட்டானாம். பிள்ளைகளுக்கு எடுத்துக்கிடுங்கன்னு மொதலாளி கொடுத்தாரு. எவளோ ஒரு மெர்ச்சண்டைசர் தப்பான கலருக்கு ஓகே சொல்லிட்டாளாம்.”

நான் அப்பளத்தைக் கடித்தேன். முதலிபாளையத்துக்கு அந்த ஆர்டரைத் தைக்க அனுப்பியதும் நான், அந்த நிறத்துக்கு ஓகே என்று மெயில் போட்டதும் நான். தைத்தவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருப்பார்கள் என்பது மட்டும் என் எக்செல்லில் எந்தக் கட்டத்திலும் இல்லை.

“எங்க சித்தியும் மெர்ச்சண்டைசர்தான்,” என்றாள் பெண்.

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். “நீயாட்டி அது?” என்று ஆரம்பித்துச் சிரிப்பு தாங்காமல் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். போன் நம்பர் கேட்டு வாங்கிக்கொண்டு, போகும்போது பிள்ளைகளுக்கு ஒரு பொட்டலம் புளிச்சோறும் கட்டிக்கொடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில் பையன் என் மடியில் தூங்கினான். பெண் தூங்கவில்லை.

“சித்தி, அம்மாகிட்டச் சொல்லாதீங்க.”

“ஏன் கண்ணு?”

“சொன்னா முதலை பாக்க முடியாது.”

அவள் சொல்வது சரிதான். ஒரு பிள்ளையும் தொலையவில்லை, ஒருவரும் அழவில்லை, எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டிருக்கிறோம். கூட்டத்தில் கொஞ்சம் பிரிந்துவிட்டோம் என்று சொன்னால் பொய்யும் இல்லை. பல்லடம் வரைக்கும் அந்த வாக்கியத்தையே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஆனால் என்னை நம்பி இரண்டு பேரை அனுப்பியவளிடம், ஒருவனை இருபது நிமிடம் கைவிட்டதை மறைத்துவிட்டு, அடுத்த வாரம் மறுபடி அனுப்பு என்று எந்த முகத்தோடு கேட்பது?

வாசலில் அக்கா இருவரையும் திருப்பிப் பார்த்தாள். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். குரங்கு, பிஸ்கட், பதினொண்ணு, மெயில் எல்லாம். பெண் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அக்கா பையனின் மொட்டையைத் தடவிப் பார்த்தாள். அப்புறம், “அந்தப் பையன் அழுதானா?” என்றாள்.

“இல்ல. தேங்க்ஸ் சொன்னான்.”

“அவங்கம்மா உன்னையத் திட்டலையா?”

“சோறு போட்டாங்க.”

“நம்பர் இருக்குதா?”

போனை வாங்கிக்கொண்டு பெட்டி அடுக்குக்குப் பின்னால் போனாள். நாங்கள் மூன்று பேரும் மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டோம். “ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க” என்றுதான் ஆரம்பித்தது. பிறகு ஒரு சிரிப்பு. பிறகு கழுத்துத் தையல், நூல் அறுவது, பிள்ளைகள் சாப்பிடாதது. பிறகு நான் சின்ன வயதில் தேர்க்கூட்டத்தில் வேறொருவர் புடவையைப் பிடித்துக்கொண்டு போன கதை. அது எதற்கு இப்போது? நாற்பது நிமிடம் பேசினாள். ஏப்ரல் மாதத்தில் அக்கா அவ்வளவு நேரம் சும்மா பேசி நான் பார்த்ததே இல்லை.

வெளியே வந்தவள் போனை என் கையில் வைத்தாள்.

“அடுத்த ஞாயித்துக்கெழம அவங்க வேன் அமராவதிக்குப் போகுதாம். எடம் இருக்குதுன்னாங்க. போயிட்டு வாங்க.”

பெண் எழுந்து குதித்ததில் பையன் இரண்டு படி உருண்டான், அழவில்லை.

“ஆனா மூணு பேரையும் அவங்க பொறுப்புலதான் உட்டிருக்கறேன்,” என்றாள் அக்கா.

“மூணு பேரா? யாரு மூணாவது?”

“நீதான். எண்ணச் சொல்லிருக்கறேன்.”

அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு வேன் வாசலில் நின்றது. புளிச்சோறு போட்ட அக்கா வேன் படியில் நின்றுகொண்டு, ஒவ்வொரு முகவாயையும் தூக்கி முகத்தைப் பார்த்துப் பார்த்து எண்ணி ஏற்றினார். பன்னிரண்டு, பதிமூன்று. என் முகவாயையும் தூக்கினார். “பதினாலு. உள்ள தள்ளி உக்காரு தாயி.” யூனிட் வாசலில் கையில் ஒரு டீ-ஷர்ட்டோடு நின்ற என் அக்கா இதைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு ரோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குள் அவள் மகள் ஜன்னலோரத்தைப் பிடித்துவிட்டாள். போகும்போது நீ, வரும்போது நான் என்று அவளிடம் பேரம் பேசப் போய்விட்டேன்.