கையுறை மட்டும் போனது

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை. ஜாசினுக்குப் பக்கத்தில் ஒரு டிஸ்யூ பேப்பர் ஃபேக்டரியில் அப்போது வேலை செய்துகொண்டிருந்தேன். காலையிலேயே எங்களைக் கேன்டீனுக்குக் கூப்பிட்டு ஆளுக்கொரு நாசி லெமாக் பொட்டலம் கொடுத்தார்கள். குடிதண்ணீருக்கே மூக்கால் அழும் கம்பெனி சும்மா சோறு போடுகிறதே என்று அப்போதே சந்தேகப்பட்டேன். சாப்பிட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டார்கள். மறுசீரமைப்பாம். எங்கள் மெஷினை மூடுகிறார்களாம். இன்றைய ஷிஃப்ட்டை மட்டும் முடித்துக் கொடுத்துவிட்டுப் போக வேண்டுமாம்.

என்னோடு அந்த மெஷினில் நின்றவர் ஓர் அக்கா. புருஷன் இல்லை, படிக்கிற மகள் இருக்கிறாள், ஐம்பதை நெருங்கும் வயது. இனி யார் வேலை கொடுப்பார்கள்?

சாப்பாட்டு நேரம் முடிந்த கொஞ்ச நேரத்தில் பேப்பர் அறுந்து மணி அடித்தது. மெஷினை நிறுத்திவிட்டுத்தான் அறுந்த நுனியை ரோலரில் சொருக வேண்டும். நேரம் போகும் என்று யாரும் நிறுத்த மாட்டோம். ஓட ஓடவே சொருகிவிடுவோம். அன்றைக்கு யாருக்காக ஓடுவது? நான் நகரவில்லை. அக்கா ஓடினார், பழகிப்போன கால். நுனியைச் சொருகும்போது அவர் கையுறையை ரோலர் கவ்வி இழுத்தது. எப்படிப் பாய்ந்தேன் என்று தெரியாது, சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தேன். கை வெளியே வந்தது, கையுறை உள்ளே போனது.

சூப்பர்வைசர் ஓடி வந்து முதலில் பார்த்தது ரோலரைத்தான்.

அக்கா தரையில் உட்கார்ந்து விரல்களை மடக்கி விரித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஏன்டி நிறுத்துன? வெரலு போயிருந்தா மாசா மாசம் ஏதாச்சும் குடுத்திருப்பானுங்க லா.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். ஆனால் கம்பெனி பஸ்ஸில் வீடு வரும்வரை அந்தக் கையை மடியில் வைத்து, மறு கையால் பொத்திக்கொண்டே வந்தார். விளையாட்டுக்குச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

இப்போது அக்கா தெங்கேராவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறார். போன மாதம் அங்கே போயிருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு அவரே எனக்கு டீ கொண்டுவந்து வைத்தார். தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்கள், ஐந்தும் இருக்கின்றன. அன்று நான் செய்தது சரிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அவர் வாயால் அதை இன்னும் கேட்கவில்லை.