கையை இழுத்துக்கொண்ட பெண்

வெளிநாட்டு மருத்துவ மாணவர்கள் சேவை செய்வதாகச் சொல்லிக்கொண்டு எங்கள் பக்கம் வருவார்கள். அன்னவாசல் வட்டாரத்து மருத்துவ முகாம்களில் அப்போது மூன்று வருடமாக நான்தான் அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர். அங்கேதான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். நாற்பது வயது இருக்கும். வெயிலில் கறுத்த முகம். ஒன்றைக் கேட்டால் பதில் வரும்வரை எதிரில் இருப்பவர் மேலிருந்து கண்ணை எடுக்க மாட்டார்.

கதிர் அரிவாள் அவர் உள்ளங்கையைக் கிழித்திருந்தது. முகாம் நடத்தியவர் ஒரு மாணவனிடம் ஊசியைக் கொடுத்து, தைத்துப் பழகச் சொன்னார். நர்ஸ் சும்மா நின்றார். நானும்தான். வெட்கக்கேடு.

“தம்பி படிச்சு முடிச்சிட்டாரா?” என்று அந்தப் பெண் என்னிடம் கேட்டார்.

“இல்லீங்க, முதல் வருஷம்.”

“அவுக ஊருல இப்படித் தைக்க விடுவாகளா? கேட்டுச் சொல்லுங்க.”

“அதெல்லாம் கேக்காதப்பா” என்று முகாம்காரர் பல்லைக் கடித்தார். நான் கேட்டேன். மாணவன் முகம் சிவந்து, விடமாட்டார்கள் என்றான்.

அந்தப் பெண் கையை இழுத்துக்கொண்டார். “இந்தக் கைய வச்சுத்தான் நான் பொழைக்கணும். நர்சம்மா, நீங்க தைங்க. தம்பி அங்கிட்டு நின்னு டார்ச்சப் பிடிக்கட்டும். பாத்துப் பழகுனா ஒண்ணும் கொறஞ்சிராது.”

வரிசையே சிரித்தது. நர்ஸ் ஆறு தையல் போட்டார். மாணவன் டார்ச்சை அசைக்காமல் பிடித்தான். அடுத்து உட்கார்ந்தவரும் அதே கேள்வியைக் கேட்டார். அதன்பிறகு எந்த முகாமிலும் மாணவர்கள் கைக்கு ஊசி போகவில்லை.

இரண்டு மொழியும் தெரிந்தவன் நான். அந்த ஒரு கேள்வி மூன்று வருடமாக எனக்கு ஏன் வரவில்லை என்று இன்றும் தெரியவில்லை.