குளக்கரையில் கிடந்த பூனைக்கண்

வத்சலா மாமி கொலுவுக்கு வந்தால் பொம்மைகளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நேரே தரையில் உட்கார்ந்துவிடுவார். படிகளுக்குக் கீழே மணல் பரப்பி, கண்ணாடி வைத்து என் மனைவி ஹம்சா கட்டும் குளத்தின் கரையில் கூழாங்கல்லுக்குப் பதில் கோலிகள் கிடக்கும். மாமிக்கு அதுதான் தரிசனம். கைப்பையிலிருந்து லென்ஸ் வரும், மெல்லிய துணி வரும், நீல வெளிச்சம் அடிக்கிற டார்ச் வரும். "சுந்தரேஷ், அந்த சீரியல் லைட்டைக் கொஞ்சம் அணைச்சிடுங்கோ." சுண்டலுக்குக் காத்திருக்கும் பெண்கள் இருட்டில் முணுமுணுப்பார்கள். பழைய கண்ணாடியில் சில அந்த வெளிச்சத்தில் பச்சையாக ஒளிரும். ஒளிர்ந்துவிட்டால் மாமி குதூகலமாக, "அச்சா! இவன் பெரியவன்" என்பார். கோலிகள் எல்லாமே அவருக்கு 'இவன்'தான்.

மயூர் விஹாரில் மாமி வீடு எங்களுக்கு மேல்மாடி. சென்ட்ரல் கவர்ன்மெண்டில் செக்ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய கோலிகளுக்கு வயது சொல்வது பொழுதுபோக்கு. பைத்தியம் என்பார் கணவர் பத்ரி. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மாமியைப் பழைய சாமான் விற்கும் கபாடிக் கடை கடையாக ஸ்கூட்டரில் கூட்டிப்போவதும் அவர்தான்.

"தொப்புள் எங்கேன்னு பாருங்கோ" என்பது அவருடைய முதல் பாடம். மெஷினில் உருகிய கண்ணாடியைத் துண்டு துண்டாக வெட்டி உருட்டிவிடுவார்களாம். வெட்டிய இடத்தில் மயிரிழைபோல ஒரு மடிப்பு நிற்கும். கையால் செய்ததென்றால் அங்கே சொரசொரவென்று ஒரு வடு. ஒரு முறை துவாரகாவிலிருந்து ஒருவர் வெள்ளைக்காரன் காலத்துக் கோலி என்று பட்டுத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். மாமி ஒரு பார்வைதான் பார்த்தார். "பண்டா, அதான் நம்மூர் கோலி சோடா, அந்தப் பாட்டில் குண்டு சார். எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடிச்சிருப்பா." வந்தவர் காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

அவர் வீட்டில் இரண்டு கோலிகள் ஒன்றையொன்று தொடக்கூடாது. முட்டினால் மேலே பிறைபோலக் கீறல் விழும். அதனால் முட்டை வாடையே படாத அந்த வீட்டில் முட்டை அட்டைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன, குழிக்குக் குழி பஞ்சு வைத்து. மார்க்கெட்டில், "பையா, காலி ட்ரே மட்டும் குடு" என்று மாமி கேட்பதைப் பார்த்துச் சிரிக்காத ஆளில்லை.

எங்கள் கொலுப்பெட்டியில் ஒரு கோலி மட்டும் வேட்டிக் கிழிசலில் தனியாகச் சுற்றி இருக்கும். அப்பாவுடையது. எனக்கு இரண்டு வயது நிரம்புமுன் போய்விட்டவர், முகம்கூட நினைவில்லை. அப்பா பேச்சு வந்தாலே அம்மாவுக்குக் கண் கலங்கும் என்பதால் அதைப் பற்றிக் கேட்டதும் இல்லை. அப்பா வளர்ந்தது கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில். அங்கே சிறுவனாக விளையாடிய கோலி என்று நானே முடிவுகட்டி, அம்பது வருஷமாக அதைத் தொட்டுத் தொட்டு அவர் விரலைத் தேடிக்கொண்டிருந்தேன். அம்மா போன பிறகு, இந்த நவராத்திரிக்குத்தான் அதை வெளியே எடுத்துக் குளக்கரையில் வைத்தேன்.

மாமி அதை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்பா எந்த வருஷம் பொறந்தார்?"

"முப்பத்தாறு."

"அப்போ இவன் அவர் விளையாடினது இல்லை, சுந்தரேஷ். உள்ளே இதழ் தெரியறதோல்லியோ, இவன் பூனைக்கண். இந்த ஜாதி கடைக்கு வந்ததே அம்பதுகள்லதான். அதுலயும் இவன் அறுபதுகள்தான்னு தோண்றது. அப்பா ஆபீஸ் போயிண்டிருந்திருப்பார்."

அப்பா என்று சொல்லிக்கொள்ள என்னிடம் இருந்ததே அது ஒன்றுதான். மாமி ஒரு பொய் சொல்லியிருக்கலாமே என்று கோபம்கூட வந்தது.

அவர் லென்ஸை இறக்கவில்லை. "ஒரு பிறைகூட இல்லையே. இவனை வெச்சு யாரும் விளையாடினதே இல்லை. அறுபதுகள்ல உங்காத்துல கொழந்தை யாரு?"

"நான்தான். அறுபத்தாறில் பிறந்தேன். வேறே யாருமில்லை."

"கைக்கொழந்தைக்குக் கோலி வாங்கிண்டு வந்தா எந்த அம்மா குடுப்பா? முழுங்கிடுமேன்னு பிடுங்கி வெச்சிருப்பா. அப்படி இருக்கலாம். நான் பார்க்கலை, இவன் ஒடம்பு சொல்றதைத்தான் சொல்றேன்."

பிள்ளைக்கு என்ன வயது என்றுகூட யோசிக்காமல், கடையில் பளபளத்ததை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீடு திரும்புகிற ஒரு மனிதர் எனக்கு முதல்முறையாகத் தெரிந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மாமிக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

வழக்கம்போல அவர் பத்திரமாக வைக்கச் சொல்வார் என்று ஹம்சா பஞ்சு கொண்டுவந்து நீட்டினாள். மாமி அதை வாங்கவில்லை. கோலியை ஒரு முறை துடைத்தார். முட்டி வலியோடு சற்றே பின்னால் நகர்ந்து இடம்விட்டு, வெறும் மொசைக் தரையில் அதை என் பக்கமாக உருட்டிவிட்டார்.