ஒரே டேக் அக்கா பேசாத படம்

இருபத்திரண்டு வருஷமாக நம் நாட்டு சினிமாவில் கதாநாயகிகள் அத்தனை பேரும் ஒரே மாதிரிதான் பேசினார்கள். கடலோரத்தில் பிறந்தவளோ, எல்லை தாண்டி வந்து குடியேறியவர்களின் மகளோ, திரையில் வாயை மட்டும் அசைப்பாள். அவளுக்குக் குரல் கொடுத்துப் பேசுவது ஒரே டேக் அக்கா. ஒரு முறை பேசினால் மறுமுறை பேசச் சொல்லமாட்டார்கள் என்பதால் வந்த பெயர் அது. கடைவாய்ப்பல் பிடுங்கிய கையோடு வந்து காதல் வசனம் பேசிவிட்டுப் போன மகராசி. ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை.

அக்கா மலைப்பக்கத்துக்காரி. அங்கே சொல்லின் கடைசியை இழுத்துவிட்டுத்தான் அடுத்த சொல்லுக்கு வருவார்கள். வேலைக்கு வந்த புதிதில், பல் துலக்கும்போதுகூடக் கண்ணாடி முன்னால் பேசிப் பேசி அந்த இழுப்பைத் தொலைத்தாள். பார்வை போன அவள் அம்மா தியேட்டரில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வெளியே வந்ததும், "இதுல நீ எங்கடி பேசுன? யாரோல்ல பேசுறா" என்பாள். அக்காவுக்குச் சுருக்கென்றிருக்கும்.

போன வருஷம் ஒரு புது டைரக்டர் கூப்பிட்டார். மலைப்பக்கத்துப் பெண்ணின் கதை. நடித்தவளும் அந்தப் பக்கத்துப் பெண்தான். டப்பிங்கில், படப்பிடிப்பின்போது நடிகை பேசியது ஹெட்போனில் ஓடும். அதைக் கேட்டுத்தான் பேச வேண்டும். அப்புறம் அந்த ஒலியைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். எத்தனையோ பெண்களின் சொந்தக் குரல் இப்படி அக்காவின் காதோடு முடிந்துபோயிருக்கிறது.

வாடகைக்கு வீடு தர மறுக்கிறவனிடம் அந்தப் பெண் சண்டை போடும் காட்சி. ஹெட்போனில் அதே இழுப்பு. அக்காவுக்கு வாய் எழவில்லை. முதல் டேக் போனது. இரண்டாவதும் போனது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்டு இன்ஜினியர் வாயைப் பிளந்தார்.

"உடம்பு சரியில்லையாக்கா?" என்றார் டைரக்டர்.

"நல்லாத்தான் இருக்கேன். ஹெட்போன்ல ஓடுறத பெரிய ஸ்பீக்கர்ல போட்டு ஒரு தடவை கேளுங்க தம்பி."

போட்டார்கள். டைரக்டர் படப்பிடிப்பில் கேட்ட குரல்தான். எப்படியும் மாற்றப்போகிறோமே என்று காதில் வாங்கிக்கொள்ளாமல் விட்டிருந்தார். இப்போது வாங்கிக்கொண்டார்.

"இப்படியே விட்டா ஜனங்களுக்குப் புரியுமாக்கா?"

"வீடு இல்லன்னு சொன்னா வர்ற கோவம் யாருக்குத் தம்பி புரியாது?"

"அப்போ உங்களுக்கு இதுல வேலை இல்லாமப் போயிடுமே."

"இதுல மட்டுமா?" என்று அக்கா சிரித்தாள். இந்தப் படம் ஓடினால் மற்றவர்களும் நடிகைகளையே பேசவிடுவார்கள், தன் பிழைப்பில் மண் விழும் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தேதான் ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். அந்த மனசு லேசில் யாருக்கும் வராது.

நடிகையின் சொந்தக் குரலோடே வந்த படம் ஓடோ ஓடென்று ஓடியது. அக்காவுக்கு வரும் அழைப்புகள் பாதியாகக் குறைந்தன. ஒரு நாள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அந்தப் படத்துக்குப் போனாள். சண்டைக் காட்சி வந்ததும் அம்மா தடவித் தடவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்பத்தான்டி நீ பேசியிருக்க."

அந்தப் படத்தில் ஒரு சொல்கூடப் பேசாத அக்கா, தொலைத்துவிட்டதாக நினைத்திருந்த அதே இழுப்போடு, "ஆமாம்மா" என்றாள்.